பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் ஏன் சிதறுகிறது? டர்ன்டேபிளை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

அறுபதாயிரம் ரூபாய்க்கு எந்த டர்ன்டேபிளுக்கு மாறலாம் என்பது உங்கள் கேள்வியின் மேல்தோற்றம். நீங்கள் தந்திருக்கும் விவரங்களை ஊன்றிப் படித்தால் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. அப்பா விட்டுச்சென்ற இருநூறு எல்.பி. தட்டுகளும் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் வினைல் இசைத்தட்டுகள்) தாத்தா காலத்து 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை) சிலவும் உங்களிடம் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆடியோ-டெக்னிகா எல்.பி.120 கருவியில், அதனோடு வந்த வி.எம்.95.இ கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் சிறு பகுதி) அப்படியே வைத்து, நாள்தோறும் மாலையில் ஒரு தட்டு கேட்கிறீர்கள். முதல் பாட்டு தெளிவாக இருக்கிறது, பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு வரும்போது பாடகரின் ‘ஸ’, ‘ச’ ஓசைகள் மணலை வாரி இறைத்தது போலச் சிதறுகின்றன. இது கருவியின் தரக்குறைவா, அல்லது வேறெதாவதா என்பதுதான் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது. இருபத்தைந்து ஆண்டுகளாக மற்றவர்களின் தட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவதும் பழைய கருவிகளைச் சீர்செய்வதும் என் தொழில் என்பதால், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், கேட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடாததையும் பிரித்தே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலைப் படித்து முடித்து, ஊசியை மாற்றும் வரை அப்பாவின் தட்டுகளைப் போடாதீர்கள். ஒரு தட்டின் இரு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடும். தினம் ஒன்று என்றால் மூன்று ஆண்டுகளில் 700 மணி நேரத்தைத் தாண்டிவிடும். வி.எம்.95.இ-யில் இருப்பது நீள்வட்ட முனை கொண்ட ஊசி. அவ்வகை ஊசிக்கு ஆடியோ-டெக்னிகாவே சொல்லும் ஆயுள் சுமார் 300 மணி நேரம். வைரமே ஆனாலும் இரண்டு கிராம் அழுத்தத்தில் நாள்தோறும் பிளாஸ்டிக்கோடும் தூசியோடும் உரசினால் அது தேயும். தேய்ந்த முனை தன் உருண்டையை இழந்து, இரு பக்கமும் சிறு தட்டையான முகங்கள் பெறும். அந்த முகங்களின் விளிம்பு உளி போல வேலை செய்கிறது. பள்ளத்தின் சுவரில் உள்ள நுண்ணிய அலைகளைப் படிப்பதற்குப் பதிலாக அவற்றைச் சீவத் தொடங்குகிறது. அப்படிச் சீவப்பட்டது எந்தக் கருவியாலும் திரும்பி வராது. உங்கள் ஊசி அந்த நிலைக்கு வந்துவிட்டதா என்பதை உருப்பெருக்கியில் பார்க்காமல் என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் மணிக்கணக்கு அவ்வளவு கூடியிருக்கும்போது, வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு நடப்பதுதான் தட்டுகளுக்கு நல்லது.

கடைசிப் பாட்டு மட்டும் ஏன் என்பதற்கு வருகிறேன். தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் வட்டம் பெரியது; ஒரு விநாடியில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளப் பள்ளம் ஊசியின் கீழே ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது அதே ஒரு விநாடிக்கு 21 சென்டிமீட்டர் அளவுதான் கிடைக்கிறது. அதாவது, ஒரே ஓசையை எழுதப் பாதிக்கும் குறைவான இடம். ‘ஸ’ என்னும் ஓசையின் வலு 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நிறைய இருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் வெளி விளிம்பில் சுமார் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உட்புறத்தில் 21 மைக்ரான் மட்டுமே, தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உருண்டை முனை ஊசியின் வளைவு ஆரமே 15 மைக்ரானுக்கு மேல் இருக்கும். பெரிய சக்கரம் சிறிய குழிக்குள் இறங்காமல் மேலேயே தாண்டிப் போவது போல, அது அந்த அலையின் அடிவரை இறங்க முடியாமல் தாவுகிறது. உங்கள் நீள்வட்ட முனையில் இந்த ஆரம் 8 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. புதிதாக இருக்கும்போது ஓரளவு சமாளிக்கும், தேய்ந்த பிறகு சமாளிக்காது. மைக்ரோலைன் என்னும் வகை முனையில் அது 3 மைக்ரான் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் கேட்கும் குறை பெரும்பாலும் ஊசி முனையிலும், அந்த முனை பள்ளத்தில் நிற்கும் கோணத்திலும் இருக்கிறது. சுழலும் தட்டிலோ மோட்டாரிலோ இல்லை.

இதில் உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. வி.எம்.95 வரிசையில் எல்லாக் கார்ட்ரிட்ஜ்களுக்கும் உடல் ஒன்றே. ஊசிப் பகுதியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அந்த வரிசையின் மைக்ரோலைன் ஊசியை மட்டும் வாங்கினால் போதும், கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டியதில்லை. அதன் ஆயுளாக நிறுவனம் சொல்வது 1,000 மணி நேரம். நீள்வட்ட ஊசியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். விலை கூடுதல்தான், ஆனாலும் மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் அது சிக்கனமாகவே முடியலாம். உங்கள் அறுபதாயிரத்தில் முதலில் செலவழிக்க வேண்டிய பணம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் மைக்ரோலைன் முனை, பொருத்தும் கோணத்தில் பிழையைப் பொறுக்காது. உருண்டை முனை கோணலாக நின்றாலும் அதிகம் காட்டிக்கொள்ளாது. கூரிய முனை உடனே காட்டிக்கொடுக்கும். ஒருமுறை ஒரு பெரியவர் இதே குறைக்காக இரண்டு ஆண்டுகளில் மூன்று டர்ன்டேபிள்களை மாற்றிவிட்டு என்னை அழைத்தார். மூன்றிலும் அவர் தன் பழைய ஹெட்ஷெல்லையே, அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பிடியையே, கழற்றி மாட்டியிருந்தார். டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தபோது, கார்ட்ரிட்ஜைப் பிடித்திருந்த இரண்டு திருகுகளில் இடப்பக்கத் திருகு தளர்ந்து, கார்ட்ரிட்ஜ் உள்நோக்கித் திரும்பி நின்றது. ஊசியின் வேரில் சாம்பல் நிறத்தில் ஒரு தூசி உருண்டை, பட்டாணியில் கால்வாசி அளவுக்கு, பழைய உறைகளின் காகிதத் துகள்கள் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. அதைத் தூரிகையால் பின்னிருந்து முன்னாக எடுத்துவிட்டு, கோணத்தை நேராக்கித் திருகை இறுக்க அரை மணி நேரம் ஆனது. பக்கத்தின் கடைசியில் இருந்த தில்லானாவை அவர் முழுவதும் கேட்டார். அவர் மாற்றிய மூன்று கருவிகளிலும் குறை இருந்ததே இல்லை.

கோணத்தைச் சரிபார்க்கும் முறை இது. ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் முனை நேர்கோட்டில் நகராமல் வில்லாக நகர்கிறது. ஆனால் பள்ளத்தை வெட்டிய இயந்திரத்தின் தலை ஆரத்தின் வழியே நேராக நகர்ந்தது. ஆகவே பக்கம் முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் ஊசி பள்ளத்தோடு முற்றிலும் ஒத்த கோணத்தில் நிற்க முடியும். கோணப் பிழையைக் குறைக்கப் பரவலாகப் பயன்படும் பெர்வால்ட் கணக்கின்படி அவை தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் அமைகின்றன. இந்த இரண்டு புள்ளிகளும் கட்டங்களும் அச்சிட்ட அளவுத்தாளை மைய முளையில் மாட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசி முனையை மெல்ல இறக்கி, மேலிருந்து பார்க்கும்போது கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு விளிம்பு கட்டத்தின் கோட்டுக்கு இணையாக இருக்கும் வரை முன்னும் பின்னும் நகர்த்தி, திருப்பிச் சரிசெய்ய வேண்டும். தாளை நீங்களே அச்செடுப்பதானால் அளவு சுருங்கியிருக்கிறதா என்பதை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். அச்சுப்பொறி நான்கைந்து சதவீதம் சுருக்கிவிட்டால் முழு வேலையும் வீண். பிறகு அழுத்தம்: ஆர்மின் பின்முனையில் இருக்கும் எடைக்கல்லில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், ஊசி அழுத்தம் பார்க்கும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி 2 கிராம் வையுங்கள். இந்த வரிசை ஊசிகளுக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை சரியான எல்லை. குறைவான அழுத்தம் தட்டுக்கு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள், அது தவறு. அழுத்தம் குறைந்தால் ஊசி பள்ளத்தில் நிலைத்து நிற்காமல் சுவரில் மோதி மோதி எழும்புகிறது, சேதம் அதனால்தான் கூடுகிறது. ஹெட்ஷெல்லின் நான்கு மெல்லிய கம்பிகளில் கை வைக்க நேர்ந்தால் நிறங்களை நினைவில் கொள்ளுங்கள்: வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம்.

அடுத்து கருவியின் பின்புறத்தில் உள்ள சிறிய சுவிட்ச். எல்.பி.120-க்குள்ளேயே ஒரு ஃபோனோ பிரீஆம்ப் இருக்கிறது. தட்டில் வெட்டும்போது தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தும் உயர்ந்த ஓசைகளைக் கூட்டியும் எழுதுவதால், கேட்கும்போது அதை நேர்மாறாகத் திருத்த வேண்டும்; 1950-களின் நடுவில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் பொது அளவுப்படி 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்டலும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு குறைத்தலும் நடக்கின்றன. அதோடு, கார்ட்ரிட்ஜ் தரும் மூன்று நான்கு மில்லிவோல்ட் சமிக்ஞையைப் பெருக்குவதும் அதன் வேலை. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்று தனி இணைப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சுவிட்ச் ‘லைன்’ பக்கம் இருக்கும்போது கம்பியை அந்த ஃபோனோ இணைப்பில் செருகியிருந்தால், ஒரே திருத்தம் இரண்டு முறை நடந்து ஓசை கொழகொழவென்று பெருத்துச் சிதறும். உங்கள் முதல் பாட்டு தெளிவாக இருப்பதால் அப்படி இல்லை என்றே ஊகிக்கிறேன், ஆனாலும் பார்த்துவிடுங்கள். சுவிட்சை ‘ஃபோனோ’வுக்கு மாற்றி ஆம்ப்ளிஃபயரின் பிரீஆம்பைக் கொண்டு ஒருமுறையும், ‘லைன்’ வைத்துச் சாதாரண இணைப்பில் ஒருமுறையும் கேட்டு, எது உங்கள் காதுக்கு இதமோ அதை வைத்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு இல்லை. கம்பியை நீளமாக வாங்கிச் செருகாதீர்கள். கம்பியும் பிரீஆம்பும் சேர்ந்து தரும் மின்தேக்கம் இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 100 முதல் 200 பிகோஃபாரட்டுக்குள் இருக்க வேண்டும், கூடினால் உயர்ந்த ஓசையில் ஒரு மேடு எழுந்து ‘ஸ’வை இன்னும் கூர்மையாக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் சிதறல் இருந்தால், அது தட்டிலேயே இருக்கலாம். அப்பாவின் தட்டுகள் அந்தக் காலத்தில் எதில் ஓடின என்பதை நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இருந்தவை பெட்டி வடிவ ரெக்கார்டு பிளேயர்கள்; அவற்றில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் இன்றைய அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் ஓடின, ஊசியை ஆண்டுக்கணக்கில் யாரும் மாற்றியதும் இல்லை. சோதிக்க எளிய வழி: அண்மையில் அச்சான புதிய தட்டு ஒன்றை வாங்கி, புதிய ஊசியில் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அது தெளிவாக இருந்து அப்பாவின் தட்டு மட்டும் சிதறினால் பள்ளம் தேய்ந்திருக்கிறது. அங்கேயும் முழு நம்பிக்கையை இழக்க வேண்டாம். மைக்ரோலைன் முனை பழைய ஊசிகள் உரசாத பகுதியைத் தொட்டு, தேய்ந்ததாக ஒதுக்கிய தட்டையும் சில வேளைகளில் பாட வைத்திருக்கிறது. சில வேளைகளில் நேர்மாறாக, அடியில் தேங்கியிருந்த அழுக்கையும் கீறலையும் முன்னைவிட உரக்கச் சொல்லியிருக்கிறது. எந்தத் தட்டு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் போட்டுக் கேட்காமல் சொல்ல வழியில்லை.

டர்ன்டேபிளை எப்போது மாற்றலாம்? வேகம் தள்ளாடும்போதும், மோட்டாரின் உறுமல் பாட்டுக்கு இடையில் கேட்கும்போதும். நம் சங்கீதத்தில் தம்புரா இடைவிடாமல் ஒலிப்பதால் வேகத் தள்ளாட்டத்தை நம் காது எளிதில் பிடித்துவிடும். ஆனால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் தட்டின் துளையைப் பாருங்கள். கொல்கத்தாவின் டம் டம் இசைத்தட்டுத் தொழிற்சாலையில் அச்சான தட்டுகளில் துளை மையம் விலகியவை பல என் கையில் வந்திருக்கின்றன. துளை அரை மில்லிமீட்டர் விலகினாலே, தட்டின் நடுப்பகுதியில் சுருதி அரை சதவீதம் ஏறி இறங்கும், உள்ளே போகப் போக இன்னும் கூடும், 1.8 விநாடிக்கு ஒருமுறை, அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, தம்புரா அசையும். டோன் ஆர்ம் ஒவ்வொரு சுற்றிலும் இடவலமாக ஆடுவதைக் கண்ணாலேயே காணலாம். 1980-களின் தொடக்கத்தில் நகமிச்சி நிறுவனம் இந்த விலகலைத் தானே அளந்து தட்டை நகர்த்தும் டர்ன்டேபிள் ஒன்றைச் செய்தது. மற்றபடி எவ்வளவு விலை கொடுத்தாலும் இன்றைய சாதாரணக் கருவி எதுவும் இதைச் சரிசெய்யாது. உங்கள் எல்.பி.120-இன் டைரக்ட் டிரைவ் மோட்டார் (பெல்ட் இல்லாமல் நேரடியாகச் சுழற்றுவது) வேகத்தில் நிதானமானது. அதை விட்டு அதே விலையில் வேறொன்றுக்கு மாறுவது பக்கவாட்டில் நகர்வதே தவிர ஏறுவது ஆகாது.

நண்பர் தருவதாகச் சொல்லும் பழைய ஜப்பானியக் கருவியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானில் விற்றவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஜப்பானின் கிழக்கே டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், மேற்கே ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். ஏ.சி. மோட்டாரும் பெல்ட்டும் கொண்ட கருவியாக இருந்து, அதில் 60 ஹெர்ட்ஸுக்கான புல்லி (பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) மாட்டியிருந்தால், இங்கே 33⅓-க்குப் பதிலாக நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் சுற்றும். பாடகர் மூன்று அரைச்சுருதிக்கு (செமிடோன்) மேல் இறங்கிப் பாடுவார். குவார்ட்ஸ் கட்டுப்பாடு கொண்ட டைரக்ட் டிரைவ் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, மோட்டார் எவ்வகை என்பதை.

தட்டின் அடியில் விரிக்கும் தடித்த மேட், தட்டின் மேல் வைக்கும் எடைக்கல், விலை உயர்ந்த கம்பிகள் இவற்றைப் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்லமாட்டேன். மேட்டை மாற்றியபோது வேறுபாடு கேட்டதாக நானும் பல முறை நம்பினேன். நண்பர் ஒருவர் எனக்குக் காட்டாமல் மாற்றி மாற்றிப் போட்டபோது, எது எது என்று என்னால் சொல்ல இயலவில்லை. மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் (காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச்சுருள் அசையும் வகை) வாங்கலாமா என்றால், இப்போது வேண்டாம். அவற்றில் பலவும் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே தருகின்றன. அதற்கேற்ற தனி பிரீஆம்ப் வேண்டும், ஊசி தேய்ந்தால் வீட்டில் மாற்றவும் முடியாது. மீதமுள்ள பணத்தை ஸ்பீக்கருக்கு வைத்திருங்கள். இப்போது ஸ்பீக்கர்கள் டர்ன்டேபிள் இருக்கும் அதே மேசையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து மிருதங்கத்தின் தொப்பி ஓசையைக் குழப்பும். முதலில் அவற்றைத் தனி ஸ்டாண்டில் தள்ளி வையுங்கள். புதியவை வேண்டுமா என்பதை அதன் பிறகு உங்கள் காதே சொல்லும்.

தாத்தாவின் 78 தட்டுகளை இந்த ஊசியில் ஒருபோதும் போடாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசி அடியில் விழுந்து இரைச்சலை மட்டும் வாரிக்கொண்டு வரும், ஊசியும் பாழாகும். வி.எம்.95 வரிசையிலேயே 78-க்கென்று மூன்று மில், அதாவது 76 மைக்ரான், முனை கொண்ட ஊசி இருக்கிறது. அதே உடலில் மாட்டலாம். அதன் அழுத்தம் வேறு என்பதால் ஒவ்வொரு முறையும் எடைக்கல்லை மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் கருவியில் 78 வேகமும் உண்டு. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். பள்ளம் மேலும் கீழும் அசைவதால் எழும் இரைச்சல் அடங்கிவிடும். வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். 78 தட்டில் ஆல்கஹால் ஒரு துளியும் படக்கூடாது, அது அரக்கால் ஆனது, கரைந்துவிடும். மழைக்காலத்தில் உறைக்குள் படரும் பூஞ்சையை ஊசி போடுவதற்கு முன்பே கழுவி எடுங்கள்.

புதிய ஊசியைப் பொருத்தி, கோணமும் அழுத்தமும் சரிசெய்த பிறகு, சிதறிய அதே தட்டின் அதே கடைசிப் பாட்டைப் போட்டு, முதலில் இடது ஸ்பீக்கரை மட்டும், பிறகு வலதை மட்டும் கேளுங்கள். வலப்பக்கம் மட்டும் சிதறினால் ஆன்டி-ஸ்கேட் (ஆர்ம் உள்நோக்கி இழுக்கப்படுவதை ஈடுசெய்யும் அமைப்பு) குறைவாக இருக்க வாய்ப்பு. ஆர்ம் உள்நோக்கி இழுக்கப்பட்டு ஊசி வெளிச்சுவரை விட்டுவிடுகிறது. அந்தத் திருகைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கேளுங்கள். எந்தப் பக்கம் என்பதையும், தட்டு எந்த ஆண்டு அச்சானது என்பது உறையில் இருந்தால் அதையும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.